அரை டிகிரியில் இருக்கிறது மார்ச்

ஜனவரி உங்களுக்குப் பிடிக்குமா, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையும் உங்களுக்கே. மார்ச்சை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டு, கணினி வானிலை மாடல்களின் வரைபடங்களை ராப்பகலாக மேய்கிற ஒருவனுக்கு இதைவிட ருசியான மாதம் வருஷத்தில் கிடையாது. ஜனவரியில் குளிர் என்றால் குளிர், அவ்வளவுதான். ஜூலையில் பிற்பகல் இடிமழை. அதிலும் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மார்ச்சில்தான் திங்கட்கிழமை அரைக்கைச் சட்டையோடு நடந்துவிட்டு, புதன்கிழமை வாசலில் பனி வாரிக்கொண்டு, வெள்ளிக்கிழமை நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்க்க முடியும். ஊர்க்காரர்கள் இதற்காக மார்ச்சைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு.

இந்தக் கூத்துக்குக் காரணம் எளிமையானது. கனடாவுக்கு மேலே குளிர்காலக் குளிர் இன்னும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே வெப்ப வித்தியாசம் கூடக்கூட, உயரத்தில் பாயும் ஜெட் காற்றோட்டத்துக்கு வேகம் கூடும். போதாததற்கு, நியூ ஜெர்சியை ஒட்டிய அட்லாண்டிக் கடல் மார்ச் தொடக்கத்திலும் வருஷத்தின் மிகக் குளிர்ந்த நிலையை ஒட்டியே, 5 டிகிரி வாக்கில் கிடக்கும். ஆனால் தலைக்கு மேலே சூரியன் வேறு கதை சொல்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் இங்கே அது 26 டிகிரி உயரத்தில் சோம்பிக் கிடக்கும். மார்ச் 21-ல் சுமார் 50 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். கடல் குளிர்காலத்தில், வெயில் வசந்தத்தில், மேல்காற்று இரண்டும் கெட்டானாக. இந்த மூன்றையும் ஒரு கணினிக்குள் கொட்டி, ஐந்து நாள் கழித்து எங்கள் எடிசன் நகரத்தில் மழையா பனியா என்று கேட்கிறோம். பதில் வருகிறது! அதுதான் என்னால் இன்றுவரை நம்ப முடியாத விஷயம்.

சென்னை நண்பர்களுக்கு ஜி.எஃப்.எஸ்., ஈ.சி.எம்.டபிள்யூ.எஃப். என்ற பெயர்கள் புதிதல்ல. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் டீக்கடைவரை வந்துவிட்ட பெயர்கள்தாம். அதே மாடல்கள்தாம் இங்கேயும். முதலாவது அமெரிக்க அரசின் மாடல். உலகத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக்கொண்டு, நாளுக்கு நான்கு தடவை, 16 நாள் தொலைவுவரை ஓடுவது. இரண்டாவது ஐரோப்பிய மையத்துடையது. தலைமையகம் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில், கணினிகள் இத்தாலியின் போலோனியாவில். கட்டம் 9 கிலோமீட்டர். எங்கள் வட்டாரத்தில் அதற்குச் செல்லப் பெயர் யூரோ. இவை தவிர கனடாவின் மாடல், பிரிட்டனுடையது, ஜெர்மனியின் ஐகான், பிறகு அமெரிக்காவுக்கு மட்டுமென 3 கிலோமீட்டர் கட்டத்தில் மணிக்கொரு தரம் ஓடும் எச்.ஆர்.ஆர்.ஆர். அதை நாங்கள் ஹெர் என்போம். எல்லாவற்றின் படங்களையும் டிராப்பிக்கல் டிட்பிட்ஸ், பிவோட்டல் வெதர் போன்ற தளங்களில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் வானிலை அலுவலகத்துக்குள் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் கிடைத்த பொக்கிஷம், இன்று சமையலறை மேசையில், காபிக்குப் பக்கத்தில்!

மாடல் பைத்தியம் பிடித்தவனின் நாள் கிரீன்விச் கடிகாரத்தில் ஓடும். அங்கே நண்பகல் 12 மணி நிலவரத்தை வைத்து ஓடும் ஜி.எஃப்.எஸ். இங்கே குளிர்கால நேரப்படி காலை பத்தரைக்கு வரத் தொடங்கும். யூரோ மதியம் ஒரு மணி வாக்கில். ராத்திரி ஓட்டமும் அப்படியே: ஜி.எஃப்.எஸ். பத்தரைக்கு, யூரோ ஒரு மணிக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறு வந்ததா, அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடும். மாடல்கள் தள்ளாது. அதனால் வருஷத்திலேயே மிகச் சுவாரசியமான வாரங்களில் யூரோவைப் பார்க்க ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்க வேண்டும். இது யார் போட்ட சாபமோ தெரியவில்லை. "ஏங்க, அந்த மழை நீங்க முழிச்சிருந்தா மட்டும் நின்னுடுமா?" என்று பாதித் தூக்கத்தில் ஒரு குரல் வரும். நியாயமான கேள்வி. நிற்காதுதான்.

சரி, படத்தை எப்படிப் பார்ப்பது? புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேராக ஓடுவது பனி உயர வரைபடத்துக்குத்தான். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம். நம் ஊர் மேல் 18 அங்குலம் என்று ஒரு எண். உடனே அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அடுத்த அரைமணியில் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் பாலும் கறிவேப்பிலையும் காலி. மார்ச்சில் அந்தப் படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முடிந்தால் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் பெரும்பாலானவை ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்ற குருட்டுக் கணக்கில் வரைந்தவை. மார்ச் பனி ஈரமானது, கனமானது. ஓர் அங்குல நீருக்கு ஆறோ ஏழோ அங்குலம்தான் தேறும். சில படங்களில் ஸ்லீட் எனும் பனிக்கட்டி மணிகளும் பனிக்கணக்கில் சேர்ந்துவிடும். விழுந்ததில் பாதி, வெயில் ஏறிய தார்ச்சாலையில் பட்டதுமே கரையும். அந்தக் கழிவும் படத்தில் இருக்காது.

நான் முதலில் ஏறுவது மாடிக்கு. தரையிலிருந்து சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் உயரம்; காற்றழுத்தம் 500 மில்லிபாராகக் குறையும் இடம். காற்று மண்டலத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி அதற்குக் கீழேயும் பாதி மேலேயும் இருக்கும். கீழே நடக்கப்போகிற நாடகத்துக்கு எல்லா ஒப்பந்தமும் அங்கேதான் கையெழுத்தாகிறது. அந்தப் படத்தில் பனியும் இல்லை, மழையும் இல்லை. வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், ஆங்காங்கே காற்றின் சுழிப்பைக் காட்டும் ஆரஞ்சு, சிவப்புத் திட்டுகள். அவ்வளவே. ஆனால் பழகிவிட்டால் அதை விட்டுக் கண் நகராது. ஒரு சிறு சுழிப்பு கனடாவின் ஆல்பர்ட்டாப் பக்கம் இறங்கி வருகிறது. இன்னொன்று டெக்சஸில் ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஜெட்டின் வடக்குக் கிளை ஒன்று, தெற்குக் கிளை ஒன்று. இரண்டும் சரியான நேரத்தில், சரியான தீர்க்கரேகையில் கைகோத்துக்கொண்டால், கரோலினா கடலோரத்தில் ஒரு தாழ்வழுத்தம் பிறந்து, கரையை ஒட்டியே வடக்கே ஏறிவரும். நார்ஈஸ்டர் என்று இந்த ஊர் நடுங்குவது அதற்குத்தான். ஆறு மணி நேரம் தவறினால் முந்திக்கொண்ட சுழிப்பு தனியாகக் கடலுக்குப் போய்விடும். நமக்கு மேகமூட்டம் மட்டும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே யூரோவும் ஜி.எஃப்.எஸ்ஸும் நாள்கணக்கில் சண்டை போடுவதைப் பார்ப்பதற்கு டிக்கெட் வைத்தால்கூட நான் வாங்குவேன்.

மாடியிலேயே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கிரீன்லாந்துப் பக்கம் மேல்காற்றில் ஒரு மேடு, அதாவது உயரழுத்தம், தடுப்பணை மாதிரி எழும்பியிருக்கிறதா? இருந்தால் மேற்கிலிருந்து வருகிற எதுவும் வேகமாகக் கடலுக்குள் ஓடிவிட முடியாது. எங்கள் கரையோரமே தேங்கி நிற்கும். 2018-ஐ என்னால் மறக்கவே முடியாததற்குக் காரணம் அந்த மேடுதான். அந்த ஆண்டு பிப்ரவரி 12 வாக்கில், வடதுருவத்துக்கு மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வீச வேண்டிய காற்று திடீர் வெப்பத்தால் திசை திரும்பியது. அதன் அதிர்வு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மாத இறுதியில் ஐரோப்பா சைபீரியக் குளிரில் விறைத்தது. அட்லாண்டிக்கின் இந்தப் பக்கமோ மார்ச் 2, 7, 13, 21 என்று மூன்று வாரத்துக்குள் நான்கு நார்ஈஸ்டர்கள்! ஒன்றின் பனியை வாரி முடித்து முதுகை நிமிர்த்துவதற்குள் அடுத்தது வரைபடத்தில் வந்து நின்றது. அக்கம்பக்கத்தார் முகங்களெல்லாம் வாடிக் கிடந்தன. நான் மட்டும் வெளியே சோகமாகத் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து அடுத்த ஓட்டத்தைத் திறந்துகொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து இறங்கியதும் தரைமட்ட அழுத்தப் படம். அதில் நாங்கள் எல்லோரும் தேடுவது கடலில் ஒரே ஒரு புள்ளியை: வடக்கு 40 டிகிரி, மேற்கு 70 டிகிரி. பெஞ்ச்மார்க் என்பார்கள். வெறும் தண்ணீர்தான் அங்கே. மிதவை விளக்குகூட வேண்டாம், பைத்தியக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பார்கள். எடிசனிலிருந்து கிழக்கே சுமார் 370 கிலோமீட்டர். தாழ்வின் நடுவம் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் வாஷிங்டன் தொடங்கி பாஸ்டன்வரை நெடுஞ்சாலை 95-ஐ ஒட்டிய ஊர்கள் பனியில் முழுகக் கூடும். அதைவிடக் கரைக்கு நெருங்கி வந்தால் கடலின் வெப்பம் உள்ளே புகுந்து எங்களுக்கு மழை, வடமேற்கே சசெக்ஸ் மலைகளுக்குப் பனி. விலகிப் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை. 100 கிலோமீட்டர் இப்படி அப்படி. ஐந்து நாள் முன்கணிப்பில் அது ஒரு சின்னப் பிசகு. நகராட்சியின் பனி அகற்றும் வண்டிகளுக்கோ அதுதான் எல்லாமே.

இனி வருவது எனக்கு உயிரான பகுதி. மழையா பனியா?

இதைச் சொல்ல ஒரு பழைய கோடு உண்டு. தரையை ஒட்டிய 1,000 மில்லிபாருக்கும் 500 மில்லிபாருக்கும் இடைப்பட்ட காற்று அடுக்கின் தடிமனை அளந்தால், குளிர்ந்த காற்று சுருங்கி அடர்ந்திருப்பதால் தடிமன் குறையும்; வெதுவெதுப்பான காற்று உப்பியிருக்கும். 5,400 மீட்டர் தடிமன் கோட்டுக்கு வடக்கே பனி, தெற்கே மழை என்பது அடிப்படைப் பாடம். ஜனவரிக்கு இது ஓரளவு போதும். மார்ச்சுக்கு அறவே போதாது. அடுத்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், 850 மில்லிபாரில், பூஜ்யம் டிகிரிக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அதுவும் ஏமாற்றும். அங்கே மைனஸ் 1 இருக்கும். நீங்கள் பனி என்று குதூகலிப்பீர்கள். அதற்குச் சற்று மேலே, 750, 800 மில்லிபார் வாக்கில், கடலிலிருந்து நுழைந்த ஒரு மெல்லிய வெதுவெதுப்பு அடுக்கு பிளஸ் 1-ல் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாக விழுகிற பனித்துகள் உருகி, கீழே மறுபடி உறைந்து, ஜன்னல் கண்ணாடியில் கடகடவென்று ஸ்லீட்டாக விழும். அந்த மூக்கைப் பிடிக்க வரைபடம் உதவாது. அந்த ஊருக்கு மேலே ஒரு பலூன் போனால் என்ன வெப்பம் காட்டும் என்று மாடல் வரைகிற செங்குத்துப் படத்தைத் திறக்க வேண்டும். சாய்வாக ஓடும் கட்டங்களுக்கு நடுவே சிவப்பில் வெப்பக் கோடு, பச்சையில் பனிநிலைக் கோடு, அதாவது காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. முதலில் பார்ப்பவருக்கு இதயத் துடிப்பு வரைபடமோ என்று தோன்றும். நாலு நாள் பழகினால் போதும், அப்புறம் வேறு படமே வேண்டாம் என்பீர்கள். அந்தச் சிவப்புக் கோடு பூஜ்யத்தைத் தொட்டும் தொடாமலும் கீழே இறங்கும் அழகு இருக்கிறதே!

கோடு பூஜ்யத்துக்கு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. மார்ச்சின் வித்தை அங்கேதான். வெளியே 3 டிகிரி. மழைதான் என்று ஊர் சொல்கிறது. பனிநிலை எவ்வளவு என்று பாருங்கள். அது மைனஸ் 7 ஆக இருந்தால் காற்று அவ்வளவு வறண்டிருக்கிறது என்று பொருள். முதல் துளிகள் அதில் ஆவியாக ஆவியாக, வெப்பத்தை உறிஞ்சி, காற்றைப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேவரை இறக்கிவிடும். மழை என்று சொன்ன இடத்தில் பனி. இதைவிடப் பெரிய வித்தை ஒன்று உண்டு. மேலே பனி மிகக் கனமாக விழுந்து வெதுவெதுப்பு அடுக்கில் உருகும்போது, உருகுவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பிடுங்கும். பிடுங்கப் பிடுங்க அந்த அடுக்கே பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதாவது, பொழிவு எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவுக்கு அது தன் குளிரைத் தானே தயாரித்துக்கொள்ளும்! தூறினால் மழை, கொட்டினால் பனி. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

2018 மார்ச் 7 அன்று அதைக் கண்ணால் கண்டேன். காலையில் மழையும் பனியும் கலந்து, சாலை வெறும் ஈரம். அலுவலகத்தில் ஒருவர், "என்னமோ பயமுறுத்தினாங்களே?" என்றார். ரேடாரில் தென்கிழக்கே மஞ்சள் பட்டைகள் திரண்டு வந்துகொண்டிருந்தன. மதியத்துக்கு மேல் முதல் பட்டை தலைக்கு மேல் ஏறியதும் துளிகள் கனத்தன, வெளுத்தன, உள்ளங்கை அகலத்துக்குப் பொதிபொதியாக ஒட்டிக்கொண்டு இறங்கின. எதிர்க்கட்டடம் மறைந்தது. பிறகு ஒரு பச்சை மின்னல். பனிக்குள் இடி! அந்த உறுமல் வெறும் இடிபோல நீளமாக உருளாது. பனி சத்தத்தை விழுங்கிவிடுவதால் பக்கத்திலேயே யாரோ கதவை அறைந்தாற்போல ஒலித்து அடங்கும். அன்று மாநிலத்தின் உள்பகுதியில் சில ஊர்களில் இரண்டடிக்கு மேல் பனி. கடற்கரையில் பெரும்பாலும் சேறும் நீரும். நடுவே இரண்டையும் பிரித்த கோட்டின் அகலம் ஒரு மணி நேரக் கார்ப் பயணம்கூட இல்லை. முந்தைய இரவே 3 கிலோமீட்டர் மாடல்கள் அந்தக் கோட்டை ஏறக்குறைய அதே இடத்தில் வரைந்திருந்தன. நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

அதே மாதம் 21, வசந்தம் பிறந்த மறுநாள். பகலில் லேசாக விழுந்தபோது நடைபாதையில் ஈரம் மட்டும். 50 டிகிரி உயரத்துச் சூரியன் மேகத்தைத் துளைத்துக்கூடத் தன் வேலையைக் காட்டும். வலுத்த பிறகுதான் படிந்தது. ஆகவே மார்ச்சில் "எவ்வளவு விழும்?" என்பதோடு "எத்தனை மணிக்கு விழும்?" என்றும் கேட்டாக வேண்டும். ராத்திரி விழும் நாலங்குலம் பள்ளிக்கூடத்தை மூடும். பட்டப்பகலில் விழும் நாலங்குலம் புல்வெளியில் மட்டும் கிடக்கும்.

மாடல்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது என்று கேட்பார்கள். ஒற்றை ஓட்டத்தை நம்பவே கூடாது. அதற்காகத்தான் என்சம்பிள் என்கிற குழு ஓட்டங்கள். தொடக்க நிலவரத்தில் துளித்துளி மாற்றம் செய்து, ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவார்கள். யூரோவில் 51, ஜி.எஃப்.எஸ்ஸில் 31. இரண்டு இடத்திலும் 1992 முதல் நடக்கிற வேலை. 51 உறுப்பினர்களின் தாழ்வு மையங்களை ஒரே படத்தில் புள்ளிகளாகப் பார்ப்பது, பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டுத் திண்ணையில் உறவுக்காரர்கள் 51 பேரையும் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்பதுதான். முதல் நாள் ஆளுக்கொரு திசை. பெரியப்பா கரையோரம் என்பார், சித்தி நடுக்கடல் என்பாள். நாள் நெருங்க நெருங்கப் பேச்சு ஒரு பக்கமாகச் சாயும். நான் பார்ப்பது சராசரியை அல்ல, அது யாருடைய கருத்தும் அல்லாத ஒன்று. கும்பல் எந்தப் பக்கம் மெதுவாக நகர்கிறது, கேட்காமல் ஒதுங்கி நிற்கிற நாலு பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் சங்கதி. அந்த நாலு பேர் சொன்னதே நடந்த நாள்களும் உண்டு.

ஏன் இத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு எட்வர்ட் லாரன்ஸ் 1961-லேயே விடை கண்டுவிட்டார். எம்.ஐ.டி.யில் ஒரு சிறு கணினியில் வானிலைச் சமன்பாடுகளை ஓட்டியவர், 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டு மறுபடி ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தால் சமன்பாடுகளுக்குள் இருந்த வானிலையே வேறாகிக் கிடந்தது. மார்ச் மாத நியூ ஜெர்சி அந்த மூன்று இலக்கங்களுக்குள்தான் குடித்தனம் நடத்துகிறது. பசிபிக்கின் நடுவில், அளக்க ஆளில்லாத இடத்தில், ஒரு சுழிப்பு கொஞ்சம் வலுவாக இருந்தால் போதும், வெள்ளிக்கிழமைப் பனி சனிக்கிழமை மழையாகிவிடும். அதனால்தான் புயல் வேட்டைக்குப் போகும் விமானப்படை விமானங்கள் குளிர்காலத்திலும் கடலுக்கு மேல் பறந்து கருவிகளை வானத்திலிருந்து போட்டு அளக்கின்றன.

இந்த மொத்தக் காரியத்தையும் முதலில் கையால் கணக்கிட்ட மனிதரை நினைக்காமல் நான் எந்த வரைபடத்தையும் திறப்பதில்லை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 காலை நிலவரத்தை எடுத்து, ஆறு மணி நேர முன்கணிப்பு ஒன்றைக் காகிதத்தில் போட்டார். அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது! பூமியில் நடக்க வாய்ப்பே இல்லாத எண். கையெழுத்துப் பிரதி போரில் தொலைந்து, பெல்ஜியத்தில் ஒரு கரிக்குவியலுக்கு அடியில் கிடைத்தது. விடையை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவும் போட்டார். 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து கணக்கிட்டால் வானிலையோடு ஓட முடியும் என்று கனவும் கண்டார். அவர் போட்ட வழி சரிதான், தொடக்க அளவுகளைச் சமன்செய்யாததே சிக்கல் என்று பிற்காலத்தில் காட்டினார்கள். 1950-ல் எனியாக் கணினியில் சார்னியும் ஃபான் நாய்மனும் கூட்டாளிகளும் 24 மணி நேர முன்கணிப்பைப் போட்டு முடிக்கச் சுமார் 24 மணி நேரமே ஆயிற்று. இன்று என் செல்பேசியில் 16 நாள் உலகம் விரலுக்கடியில் நகர்கிறது.

மாடல்களின் புகழ்மாலையில் நடுநாயகம் 1993 மார்ச் 12 முதல் 14 வரை வீசிய பெரும்புயல்தான். ஐந்து நாள் முன்பே அமெரிக்கத் தேசிய வானிலை மையத்தின் முன்கணிப்பாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். முதல் பனி விழுமுன்பே ஆளுநர்கள் அவசரநிலை அறிவித்தார்கள். அலபாமாவின் பர்மிங்காமில் ஓரடிக்கு மேல் பனி! ஆனால் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் கடல் உள்ளே ஏறியதை அந்த அளவுக்கு எவரும் எதிர்பார்க்கவில்லை. 2001 மார்ச் தொடக்கத்தில் பிலடெல்பியா, நியூயார்க் எல்லாம் புதைந்துவிடும் என்று பேச்சு. பனியோ வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போய்விட்டது. 2017 மார்ச் 14-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு ஓரடிக்கு மேல் என்றார்கள். ஸ்லீட் கலந்து ஏழரை அங்குலத்தோடு முடிந்தது. உள்ளே பிங்காம்டனில் கிட்டத்தட்ட மூன்றடி. டிவியைப் பார்த்தவர்கள் ஏமாற்றம் என்றார்கள். எனக்கு அது வெதுவெதுப்பு மூக்கின் ஆகச் சிறந்த ஆட்டம்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்களையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய மையத்தின் ஏ.ஐ.எஃப்.எஸ். 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாக ஓடத் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழைய வானிலையைப் படித்து, சமன்பாடுகளைத் தீர்க்காமலே அடுத்த நிலவரத்தைச் சொல்கிறது, அதுவும் நிமிடங்களில். தாழ்வின் பாதையை அது பிடிப்பதைப் பார்த்தால் வாய் பிளக்கிறது. ஆனால் படம் கொஞ்சம் வழவழப்பு. கூர்மையான பட்டைகளும் அந்த மூக்கும் அதில் மழுங்கிவிடுகின்றன. பாதைக்கு அதைக் கேட்பேன், மழையா பனியா என்பதற்கு ஹெர்ரிடம்தான் போவேன்.

எல்லா வரைபடத்தையும் பார்த்துக் கண் வலித்த பிறகு நான் படிப்பது ஓர் எழுத்துப் பக்கம்: மவுன்ட் ஹாலி வானிலை அலுவலகத்தின் முன்கணிப்பாளர் எழுதும் விவாதக் குறிப்பு. விடியற்காலையிலும் மாலையிலும் வரும். எந்த மாடலை ஏன் ஒதுக்கினேன், எதில் எனக்கு நம்பிக்கை குறைவு என்று ஒருவர் உத்தியோக மொழியிலேயே மனம் திறந்து எழுதுவார். ஓர் அரசாங்க ஆவணத்தில் அப்படி ஒரு நேர்மையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மார்ச் முடிந்து ஏப்ரலின் முதல் வாரங்கள் வந்தாலும் கூத்து ஓயாது, வேஷம் மட்டும் மாறும். குளிர்முனை, அதாவது குளிர்காற்றின் முன்வரிசை, எப்போதும் மேற்கிலிருந்துதானே வரும்? வசந்தத்தில் அது பின்வாசல் வழியாக, வடகிழக்கிலிருந்து, குளிர்ந்த கடல்காற்றை இழுத்துக்கொண்டு நியூ இங்கிலாந்து வழியே இறங்கும். 24 டிகிரி ஒரு மணி நேரத்தில் 12 ஆகும். அது கனமான, தரையோடு தவழும், ஆழமில்லாத காற்று. பெரிய கட்டத்து உலக மாடல்களுக்கு அது சரியாகக் கண்ணில் படாது; மெதுவாக வரும் என்றோ, வராது என்றோ சொல்லிவிடும். அன்றைக்கு ஹெர்ரையும், கடலோர நிலையங்களின் மணிவாரி அளவீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி போன் வந்தது.

"அண்ணே, பாப்பாவுக்குப் பிறந்தநாள். பார்க்குல மூணு மணிக்கு வெச்சிருக்கோம். போன்ல 24 டிகிரி, வெயில்னு காட்டுது. நல்லா இருக்கும்ல?"

"மூணு மணிக்கா? பதினோரு மணிக்கு மாத்திடுங்க தம்பி."

"மழையாண்ணே?"

"மழை இல்ல. காத்து திரும்புது. மூணு மணிக்குப் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வேணும்."

அவர் மனைவியிடம் பேசி, இருபது குடும்பத்துக்கு மறுபடி செய்தி அனுப்பி, என்னை மனதுக்குள் வைதிருப்பார். மறுநாள் பார்க்கில் பத்தரைக்கே சுரீரென்று வெயில். அப்பாக்கள் எல்லாம் அரைக்கால் சட்டையில். நான் பிரியாணித் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டன் காலையிலேயே விழுந்துவிட்டது, 8 டிகிரி. பன்னிரண்டுக்கு பிராவிடன்ஸ். ஒரு மணிக்கு கனெக்டிகட் கரையில் பிரிட்ஜ்போர்ட்; காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு ஒரே திருப்பு. "என்னண்ணே, இன்னும் வரலையே உங்க காத்து?" என்று பாப்பாவின் அப்பா கேலியாகக் கேக்கை நீட்டினார். "வந்துக்கிட்டே இருக்கு, லாங் ஐலண்ட் தாண்டிடுச்சு" என்றேன். இரண்டரைக்கு மேசை விரிப்பின் மூலை எதிர்ப்பக்கமாகப் புரண்டது. பலூன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பித் தென்மேற்கே சாய்ந்தன. ஹெர் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாக!